‘யானை இல்லை’ என்ற பெட்டி

குவாஹாட்டி
11 ஆகஸ்ட் 2024

அன்புள்ள நங்கைக்கு,

உங்கள் நாத்தனார் ரித்திகா எழுதுகிறேன். நல்லபடியாக வந்து சேர்ந்தேன். உங்கள் தலைவலி எப்படி இருக்கிறது? மானசா பள்ளிக்கூடம் போகத் தொடங்கிவிட்டாளா? அப்பாவின் முழங்கால் வீக்கம் வற்றியதா?

போன் அடித்தால் நீங்கள் எடுப்பதில்லை. அதைக் குறையாகச் சொல்லவில்லை. எடுத்த ஒரு தடவையும் “ம்” என்று மட்டும் சொல்லிவிட்டு மானசா கையில் கொடுத்துவிட்டீர்கள். அப்பாதான் சொன்னார்: “பேச்சுன்னா அவளுக்கு ஆகறதில்ல கண்ணு. எழுதிப் போடு, படிப்பா.” கையால் எழுதிப் பல வருஷம் ஆகிவிட்டது. எழுத்து கோணலாக இருக்கும்.

அண்ணன் காரியம் முடிந்து கிளம்பும்போது உங்களிடம் சொல்லிக்கொள்ளவில்லை. நீங்கள் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தீர்கள். வாசலில் கார் நின்றது. நீங்கள் நிமிரவில்லை, நானும் உள்ளே வரவில்லை.

மலையடிவாரத்தில், நம் தோட்டத்துக்கும் காட்டுக்கும் நடுவே உள்ள அகழி ஓரமாக நான் வைத்த கேமராக் கம்பங்களைப் பிடுங்கிவிடலாம் என்று ஊர்க்கூட்டத்தில் பேசினார்களாம். வேண்டாம் என்று கேட்டிருக்கிறேன். யானை வந்தால் சைரன் அடிப்பதற்காகத்தான் அவற்றை வைத்தோம். அண்ணன் போன அன்றைக்கு அது அடிக்கவில்லை. அதற்காக மற்ற நாட்களிலும் அடிக்காமல் போகட்டும் என்று விடுவதா, தெரியவில்லை.

பதில் எழுதியே ஆக வேண்டும் என்றில்லை. எழுதினால் படிப்பேன். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ரித்திகா


தோட்டம், பெரியநாயக்கன்பாளையம் வழி
27 ஆகஸ்ட் 2024

அன்புள்ள ரித்திகாவுக்கு நித்யஸ்ரீ எழுதுவது.

இங்கே எல்லோரும் சுகம். அங்கே மழை அதிகம் என்று செய்தியில் காட்டினார்கள். நனையாமல் இரு.

மானசா பள்ளிக்கூடம் போகிறாள். மாமாவுக்கு வீக்கம் வற்றிவிட்டது. தேங்காய் வெட்டினார்கள். வாழைக்கு மண் அணைத்தார்கள். காலையில் எழுகிறேன், சமைக்கிறேன், சாப்பிடுகிறோம். பொழுது சாய்ந்த பிறகு வெளியே போவதில்லை.

சைரன் இப்போது எதற்கெடுத்தாலும் அடிக்கிறது. பக்கத்துத் தோட்டத்து அழகிரிசாமி அண்ணன் ஏணி வைத்து ஏறி, குழாய் வாயில் சாக்கைக் கட்டிவிட்டார்.

ஒன்று கேட்க வேண்டும். அன்றைக்கு ஏன் அடிக்கவில்லை? காரியத்துக்கு வந்தபோது நீ சொன்னாய். காதில் விழுந்தது, ஆனால் எதுவும் ஏறவில்லை. எழுது.

நித்யஸ்ரீ


குவாஹாட்டி
4 செப்டம்பர் 2024

அன்புள்ள நங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. நலம். கேட்டதற்கு நேராகவே எழுதுகிறேன்.

கேமரா முன்னால் ஏதாவது அசைந்தால் படம் எடுக்கும். அந்தப் படத்தைக் கம்ப்யூட்டர் இரண்டு பெட்டிகளில் ஒன்றில் போட வேண்டும். ஒன்று ‘யானை’. இன்னொன்று ‘யானை இல்லை’. மாடு, நாய், ஆள், காற்றில் ஆடும் வாழையிலை எல்லாம் இரண்டாவது பெட்டி. பார்த்ததும் நமக்குத் தெரிகிற மாதிரி அதற்குத் தெரியாது. முன்னால் காட்டிய ஆயிரக்கணக்கான படங்களோடு ஒப்பிட்டு, இது யானையாக இருக்க நூற்றுக்கு இத்தனை வாய்ப்பு என்று ஒரு எண் சொல்லும். எந்த எண்ணுக்கு மேல் போனால் சைரன் அடிப்பது என்பதை நாம்தான் முடிவு செய்ய வேண்டும். அதை நாங்கள் கோடு என்போம்.

முதலில் ஐம்பதில் கோடு போட்டிருந்தேன். எருமைக்கு அடித்தது, மழைக்கு அடித்தது. குழந்தைகள் தூங்கவில்லை. யாரும் மதிக்காமல் போய்விடுவார்கள் என்று ஊரில் எல்லோரும் சேர்ந்து சொன்னார்கள். அவர்கள் சொன்னதும் நியாயம். ஏப்ரலில் எழுபதுக்கு ஏற்றினேன்.

அன்றைக்குத் தூறல். மங்கல் வெளிச்சம். யானையின் பின்பக்கம் மட்டும் படத்தில் விழுந்தது. அறுபத்திரண்டு என்று சொல்லியிருக்கிறது. எழுபதுக்குக் கீழே என்பதால் ‘யானை இல்லை’ பெட்டிக்குள் போய்விட்டது. சைரன் அடிக்கவில்லை. அண்ணன் மோட்டாரை நிறுத்த அந்தப் பக்கம் போனார்.

ஏற்றும்போது, எந்தக் கோட்டில் தப்பு குறைவு என்று எண்ணித்தான் ஏற்றினேன். எருமைக்கு அடித்தால் ஒரு தப்பு. யானையை விட்டால் ஒரு தப்பு. இரண்டையும் ஒன்றுபோல எண்ணினேன்.

மறுநாளே நாற்பதுக்கு இறக்கிவிட்டேன். அதனால்தான் அடிக்கடி அடிக்கிறது, அழகிரிசாமி அண்ணனும் சாக்கைக் கட்டிவிட்டார்.

நீங்கள் சாப்பிடுங்கள். மானசாவுக்கு என் முத்தம்.

ரித்திகா


தோட்டம்
22 செப்டம்பர் 2024

அன்புள்ள ரித்திகாவுக்கு,

சுகம். உன் சுகம் அறிய ஆவல்.

உன் கடிதத்தைப் படித்தேன். மறுபடியும் படித்தேன். புரிந்தது. உன்மேல் எனக்குக் கோபம் வருமோ என்று எதிர்பார்த்துக்கொண்டிருந்தேன். வரவில்லை. கோட்டை ஏற்றச் சொன்னவர்கள்மேல், யானைமேல், மோட்டார்மேல், யார்மேலும் வரவில்லை. கருப்பாத்தாள் அக்கா தினமும் வந்து உட்கார்ந்து, “அழுதுபோடு அம்மணி, அழுதுபோட்டா ஆறிப்போயிரும்” என்கிறார்கள். அவர்களுக்காகவாவது அழலாம் என்று பார்த்தேன். முடியவில்லை. காபி போட்டுக் கொடுத்தேன்.

அந்த மிஷினுக்குப் படம் காட்டிச் சொல்லிக்கொடுப்பது என்றாயே, அதை எப்படிச் செய்வது? யார் செய்கிறார்கள்?

நித்யஸ்ரீ


குவாஹாட்டி
1 அக்டோபர் 2024

அன்புள்ள நங்கைக்கு,

நலமாக இருக்கிறேன். இங்கே மழை விட்டுவிட்டது.

நீங்கள் கேட்டது எனக்கு ஆறுதலாக இருந்தது. நான்தான் செய்கிறேன். ஞாயிற்றுக்கிழமை தோறும் நம் கேமராக்களின் படங்கள் மொத்தமாக எனக்கு வந்து சேரும். ஒவ்வொன்றையும் பார்த்து, யானையா இல்லையா என்று பெயர் வைப்பேன். அப்படிப் பெயர் வைத்த படங்களைத்தான் மிஷின் படிக்கும். நான் தப்பாகப் பெயர் வைத்தால் அதுவும் தப்பாகவே கற்கும். அலுவலகத்தில் எல்லோரும் போன பிறகும் உட்கார்ந்து செய்கிறேன். யானை, இல்லை, இல்லை, இல்லை. கை தானாகப் போகிறது. வேறு எதுவும் நினைக்க வேண்டியதில்லை.

குழப்பமான சில படங்களை அச்செடுத்து இதனோடு வைத்திருக்கிறேன். பின்பக்கம் ‘யானை’ அல்லது ‘இல்லை’ என்று நீங்கள் எழுதி அனுப்புங்கள். நம் தோட்டத்துப் பக்கத்தை என்னைவிட அதிகம் பார்ப்பவர் நீங்கள். இரண்டு பேர் தனித்தனியாகப் பெயர் வைத்து ஒப்பிடுவது எங்கள் வழக்கம்தான். அன்றைய படத்தை இதில் வைக்கவில்லை. பயப்படாமல் பாருங்கள்.

அப்பாவிடம் முழங்காலுக்கு எண்ணெய் தேய்க்கச் சொல்லுங்கள்.

ரித்திகா


தோட்டம்
16 அக்டோபர் 2024

அன்புள்ள ரித்திகாவுக்கு,

இங்கே சுகம். மானசாவுக்குச் சளி பிடித்து இப்போது பரவாயில்லை.

படங்களை எழுதி அனுப்பியிருக்கிறேன். மானசா தூங்கிய பிறகு சமையல் மேடையில் பரப்பிவைத்துப் பார்த்தேன். சிலவற்றின் பின்னால் ‘தெரியல’ என்று எழுதியிருக்கிறேன். நீ இரண்டில் ஒன்றுதான் எழுதச் சொன்னாய். ஆனால் அவை எனக்குத் தெரியவில்லை. பாறையாக இருக்கலாம், யானையாக இருக்கலாம். ஏதோ ஒன்றை எழுதித் தள்ள மனசு வரவில்லை.

சாயங்காலம் பொழுதோடு நான் வெளியே போவதில்லை. மாமா பால் ஊற்ற சொசைட்டிக்குப் போய்விட்டு இருட்டும்போது வருவார். மானசா கருப்பாத்தாள் அக்கா வீட்டில் டியூசன் படிப்பாள். நான் வீட்டில்தான் இருப்பேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

நித்யஸ்ரீ


குவாஹாட்டி
23 அக்டோபர் 2024

அன்புள்ள நங்கைக்கு,

படங்கள் வந்தன. நீங்கள் ‘தெரியல’ என்று எழுதியவற்றில் பெரும்பாலானவை, மிஷினும் முப்பதுக்கும் எழுபதுக்கும் நடுவில் எண் போட்டுத் தடுமாறியவைதான். இப்படி மூன்றாவதாக ஒரு பெட்டி வைக்கும் முறை எங்கள் பாடத்திலேயே உண்டு. அப்போது ஒரு மனுசர் பார்த்துச் சொல்ல வேண்டியிருக்கும், அதற்கு ஆள் யார் என்று நான் அதை விட்டுவிட்டேன். இனி விடப்போவதில்லை. எழுபதுக்கு மேல் போனால் சைரன். முப்பதுக்குக் கீழே மௌனம். நடுவில் இருப்பது அப்பா போனுக்கும் கருப்பாத்தாள் அக்கா போனுக்கும் படமாகப் போகும். கீழே ‘யானை’, ‘இல்லை’ என்று இரண்டு பொத்தான். ‘யானை’யை அழுத்தினால் சைரன் அடிக்கும். இந்த வாரமே மாற்றிவிடுகிறேன். சாக்கை அவிழ்க்க அழகிரிசாமி அண்ணனும் ஒத்துக்கொண்டார்.

இனி எழுதுவதைத் தள்ளிப்போட முடியாது.

தவறவிட்ட யானைகள் வேறு உண்டா என்று தேட, ‘யானை இல்லை’ பெட்டியைக் கொட்டி ஒவ்வொரு படமாகப் பார்த்தேன். மாடு, மயில், இலை. அதற்குள் நீங்கள் இருந்தீர்கள். அகழிக்கும் வாழைக்கும் நடுவே உள்ள வரப்பில் நிற்கிறீர்கள். மறுநாளும் அதே இடம். அதற்கு அடுத்த வாரமும். கையில் டார்ச் இல்லை. காட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கிறீர்கள். எல்லாம் அப்பா பால் ஊற்றப் போகும் நேரம்.

மிஷின் ஒவ்வொன்றுக்கும் யானை இல்லை என்று சரியாகவே சொல்லியிருக்கிறது. நான் அதனிடம் கேட்ட கேள்வி அவ்வளவுதான். அங்கே ஒரு ஆள் நிற்கிறாரா என்று நான் கேட்கவே இல்லை.

உடனே அப்பாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். “அவ அடுப்படீலதான கண்ணு நிக்கறா, நான் வர்றப்ப” என்றார். அப்பாவிடம் சொன்னதற்கு என்மேல் வருத்தம் இருந்தால் இருக்கட்டும்.

எதற்காக நங்கை அங்கே போய் நிற்கிறீர்கள்? சாகவா? அதை மட்டும் எழுதுங்கள்.

ரித்திகா


குவாஹாட்டி
9 நவம்பர் 2024

அன்புள்ள நங்கைக்கு,

பதில் இல்லை. தீபாவளி நோம்பிக்கு மானசா போனில் பேசினாள். புதுச் சட்டை வேண்டாம் என்று சொல்லிவிட்டாளாம். நீங்கள் பக்கத்தில் இருக்கிறீர்களா என்று கேட்டேன். “இருக்கறாங்க. செவுத்தப் பாத்துட்டு இருக்கறாங்க” என்றாள்.

அப்பா இப்போது பாலைப் பக்கத்துத் தோட்டத்தில் கொடுத்து அனுப்புகிறார் என்று சொன்னார். அவர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பது உங்களுக்குப் பிடிக்காமல் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கோயம்புத்தூரில் ஒரு டாக்டரம்மா இருக்கிறார். விசாரித்துவிட்டேன். மனசுக்குப் பார்ப்பவர். நீங்கள் சரி என்றால் அப்பா கூட்டிப்போவார்.

எதுவும் எழுத வரவில்லை என்றால் வெறும் தாளை மடித்து அனுப்புங்கள். போதும்.

ரித்திகா


மருதமலை முருகன் துணை
தோட்டம்
15 நவம்பர் 2024

ரித்திகா கண்ணுவுக்கு அப்பா திருமலைசாமி எழுதுவது. நீ சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எழுதுகிறேன். பதறாதே. எல்லோரும் உயிரோடு இருக்கிறோம்.

நேற்று குழந்தைகள் தினம் என்று மானசா பள்ளிக்கூடத்தில் விழா. முடிய நேரமாகிவிட்டது. நான்தான் மொபெட்டில் போய்க் கூட்டிவந்தேன். நம் தடத்தில் திரும்பும்போது போன் அடித்தது. பார்த்தால் நீ சொன்ன மாதிரி படம். பாதிப் படத்துக்கு ஏதோ கறுப்பாகச் சுவர் மாதிரி. ஓரத்தில் ஒரு சேலைத் துணி. மஞ்சள் சேலை. காலையில் அவள் கட்டியிருந்தது.

‘யானை’ என்று அழுத்தினேன். சைரன் அடித்தது. குழந்தையைக் கருப்பாத்தாள் வீட்டில் விட்டுவிட்டு ஓடினேன். இந்தக் காலோடு எப்படி ஓடினேன் என்று தெரியாது.

வரப்பில் நின்றுகொண்டிருந்தாள். நம் சாளை வீட்டுக்கும் மாட்டுக்கொட்டகைக்கும் உள்ள தூரம்தான், வாழைக்குள் ஒற்றை யானை. காது ஆடவில்லை. “அம்மணி” என்றேன். திரும்பவில்லை. கிட்டப் போய் அவளுக்கும் யானைக்கும் நடுவே நின்றேன்.

“தள்ளுங்க மாமா” என்றாள். சத்தமே இல்லாமல் சொன்னாள்.

“தள்ள மாட்டேன் அம்மணி. எம் பையன் அன்னைக்குத் தனியா நின்னான். உன்னையும் தனியா நிக்க உட்டுப்போட்டு நான் எங்க போவேன்?”

அதற்குள் அழகிரிசாமியும் மற்றவர்களும் லைட்டோடு வந்து பட்டாசு போட்டார்கள். யானை கொஞ்ச நேரம் நின்றது. பிறகு அகழி இடிந்த பக்கமாக இறங்கிப் போய்விட்டது. அது போன பிறகுதான் என் கால் மடங்கியது. கீழே உட்கார்ந்துவிட்டேன். அவள் என் கையைப் பிடித்துத் தூக்கினாள். தோளில் சாய்த்து வீட்டுக்கு நடத்தி வந்தாள். நான் அவளைக் கூட்டிவரவில்லை கண்ணு. அவள்தான் என்னைக் கூட்டிவந்தாள்.

ராத்திரி வெந்நீர் வைத்து என் காலுக்கு ஒத்தடம் கொடுத்தாள். மானசாவைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டாள். டாக்டரம்மா பேரைச் சொன்னேன். “போலாங்க” என்றாள்.

நீ கிளம்பி வர வேண்டாம். லீவு கிடைக்கும்போது வா. வேளைக்குச் சாப்பிடு.

அப்பா


குவாஹாட்டி
24 நவம்பர் 2024

அன்புள்ள நங்கைக்கு,

அப்பாவின் கடிதம் வந்தது. பஸ் நிறுத்தத்தில் நின்று படித்தேன். பஸ் வந்தது, ஏறினேன், வேலைக்குப் போனேன். உங்களை ஒன்றும் கேட்கப்போவதில்லை.

நான் செய்ததை மட்டும் சொல்கிறேன். இத்தனை மாதமாக எல்லாப் படங்களுக்கும் பெயர் வைத்தேன், அண்ணன் போன அன்றைய படத்துக்கு மட்டும் வைக்கவில்லை. பெயர் இல்லாத படத்தை மிஷின் படிக்காது. அதனால் தூறலில் மங்கலாக நிற்கும் யானையை அது இன்னும் கற்காமலே இருந்தது. அப்பாவின் கடிதம் வந்த அன்று மத்தியானம் அந்தப் படத்தைத் திறந்து ‘யானை’ என்று எழுதினேன். திரையில் எதுவும் மாறவில்லை. அடுத்த படம் வந்தது. எருமை. அதற்கும் எழுதினேன்.

இப்போது ‘ஆள்’ என்று ஒரு பெட்டி தனியாக வைத்திருக்கிறேன். பொழுது சாய்ந்து வரப்பில் யார் நின்றாலும் எல்லோர் போனுக்கும் படம் போகும். நீங்களாக இருந்தாலும் சரி, நானாக இருந்தாலும் சரி.

இன்னொன்று ஊரில் கேட்டுச் சொல்ல வேண்டும். கோட்டை எங்கே போடுவது என்று இனி நான் மட்டும் முடிவு செய்ய மாட்டேன். ஒரு யானையைத் தவறவிடாமல் இருக்க, எத்தனை வெட்டிச் சைரனைப் பொறுத்துக்கொள்வார்கள்? ஒரு எண் வேண்டும். அந்த எண்ணை வைத்து மறுபடியும் கணக்குப் போடுகிறேன்.

மூவருக்கும் என் அன்பு.

ரித்திகா


தோட்டம்
12 டிசம்பர் 2024

அன்புள்ள ரித்திகாவுக்கு,

சுகம். மாமாவுக்குக் கால் தேவலாம். டாக்டரம்மாவைப் பார்த்தோம். மாத்திரை கொடுத்திருக்கிறார். வாய் உலர்கிறது. அடுத்த வாரமும் வரச் சொன்னார்.

சாகவா என்று கேட்டிருந்தாய். ரொம்ப யோசித்தேன். ஆமாம் என்று எழுதினால் பொய். இல்லை என்று எழுதினாலும் பொய். வீட்டுக்குள் எனக்கு எதுவும் தோன்றுவதில்லை. எல்லோரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள், ஏதாவது தெரிகிறதா என்று. வரப்பில் நின்றாலும் எதுவும் தோன்றாது. ஆனால் அங்கே யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கு யானை வந்தபோதும் பயம் இல்லை. மாமா குறுக்கே வந்து நின்றார். அவர் செருப்பில்லாமல் ஓடி வந்திருந்தார். பாதத்தில் முள் குத்தி ரத்தம். வேட்டி நடுங்கியது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். இவருக்கு ஏதாவது ஆகிவிடும் என்று தோன்றியது. ஐந்து மாதத்தில் எனக்குத் தோன்றியது அது ஒன்றுதான். வீட்டுக்கு வந்ததும் குளிர்ந்தது. போர்வை எடுத்துப் போர்த்திக்கொண்டேன்.

ஒரு யானையைத் தவறவிடாமல் இருக்க எத்தனை வெட்டிச் சைரனைப் பொறுப்பீர்கள் என்று கூட்டத்தில் நானே கேட்டேன். அழகிரிசாமி அண்ணன் இருபது என்றார். ஒருத்தர் பத்து போதும் என்றார். கருப்பாத்தாள் அக்கா எழுந்து, “ஏனுங்க, இந்தப் புள்ள மூஞ்சியப் பாத்துப்போட்டு ஒரு கணக்குச் சொல்லுங்க பாக்கலாம்” என்றார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. என் முகத்தைப் பார்க்க வேண்டாம், அவரவர் வீட்டில் பொழுதோடு யார் வெளியே போகிறார்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள் என்றேன். கடைசியில் ஐம்பது என்று முடிவானது. எழுதிக்கொள்.

மாமாவுக்குக் கண் சரியில்லை. நடுப்பெட்டிப் படங்களை இனி என் போனுக்கு அனுப்பு. ஒரு நாள் நான், ஒரு நாள் கருப்பாத்தாள் அக்கா.

நித்யஸ்ரீ


தோட்டம்
30 ஜனவரி 2025

அன்புள்ள ரித்திகாவுக்கு,

எல்லோரும் சுகம். பொங்கலுக்கு நீ வந்து போனதில் மானசாவுக்கு ரொம்ப சந்தோசம். எனக்கு அப்படி இல்லை, ஆனால் நீ இருந்தது நன்றாக இருந்தது. நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தாயா?

நேற்று என் முறை. சோறு வடித்துக்கொண்டிருந்தபோது படம் வந்தது. பனி மூட்டம். சாம்பல் நிறத்தில் ஏதோ ஒன்று. முதுகா, மேடா, தெரியவில்லை. நாற்பத்தொன்று என்று போட்டிருந்தது. பெரிதாக்கிப் பார்த்தேன். அப்போதும் தெரியவில்லை. முதலில் ‘இல்லை’ மேல் கை போனது. எல்லோரும் சாப்பிடும் நேரம். வெட்டியாக அடித்தால் என்ன சொல்வார்களோ என்று ஒரு தயக்கம்.

‘யானை’ என்று அழுத்தினேன்.

சைரன் அடித்தது. தோட்டத்துக்குத் தோட்டம் லைட் எரிந்தது. ஆட்கள் வந்துவிட்டார்கள். போய்ப் பார்த்தால் அழகிரிசாமி அண்ணனின் எருமை, கயிற்றை அறுத்துக்கொண்டு நம் வாழையில் நிற்கிறது. அவர் கையில் பாதி தின்ற தோசை. என்னைப் பார்த்தார்.

“எருமைதானுங்கண்ணா. தெரியல எனக்கு” என்றேன்.

“உடு அம்மணி. இன்னும் நாப்பத்தொம்பது இருக்குது” என்றார்.

சிலர் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. யாரும் என் முகத்தைப் பார்க்கவும் இல்லை. எருமையைப் பிடித்துக் கட்டிவிட்டு அவரவர் வீட்டுக்குப் போனார்கள். வந்து பார்த்தால் சோறு குழைந்துவிட்டிருந்தது. மானசா மோர் ஊற்றிக்கொண்டு சாப்பிட்டாள். மாமாவும் நானும் அதையே சாப்பிட்டோம்.

அந்தப் படத்துக்கு ‘இல்லை’ என்று நீ பெயர் வைத்துக்கொள். ஆனால் நாளைக்கு அதே மாதிரி ஒன்று வந்தால் நான் மறுபடியும் ‘யானை’ என்றுதான் அழுத்துவேன். அதையும் உன் கணக்கில் சேர்த்துக்கொள்.

நித்யஸ்ரீ